எடைக்குள் ஒளிந்திருக்கும் தூரம்



சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிவாக்கில் அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேலே சற்று வடக்கே, உத்திரத்துக்கும் சுவாதிக்கும் நடுவில் மங்கலான சில நட்சத்திரங்கள் மட்டுமே உள்ள ஒரு வெற்றிடம் தெரியும். பெரிய தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் கதை வேறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் ஒரே இடத்தில் மொய்த்துக் கிடக்கின்றன. அதற்குக் கோமா கொத்து என்று பெயர். மருத்துவமனைக் கோமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்தக் கொத்தின் எடை என்ன, அதற்குள் வாயு எவ்வளவு, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? (எடை என்று நான் சொல்வது நிறையைத்தான். இயற்பியல் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) கேட்பதற்கு மூன்று தனித்தனிக் கேள்விகள். ஆனால் வானியலில் இவற்றைப் பிரிக்கவே முடியாது. எடை என்று ஒரு எண்ணை யார் எழுதினாலும் அதற்குள் ஒரு தூரம் ஒளிந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் நள்ளிரவில் எதிரே ஒற்றை வெளிச்சம் தெரிந்தால், அது பக்கத்தில் வரும் மொபெட்டா, தொலைவில் ஒரு கண் அவிந்த லாரியா என்று தெரியாது அல்லவா? வானம் முழுக்க அந்தச் சிக்கல்தான். முதலில் இதைத் தொல்லை என்று நினைத்தார்கள். பிறகு அந்தத் தொல்லையையே அளவுகோலாக்கிக்கொண்டார்கள். இன்று நான் சொல்ல வந்தது அந்தக் கதையைத்தான்.

பிரிட்ஸ் சுவிக்கி, பல்கேரியாவில் பிறந்த சுவிட்சர்லாந்துக்காரர், கலிபோர்னியாவில் வேலை. எடுத்தெறிந்து பேசுவதில் பேர் போனவர். 1933-இல் அவர் கோமாவை எடுத்துக்கொண்டார். கொத்துக்குள் இருக்கும் கேலக்ஸிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் ஓடுகின்றன என்பதை, அவற்றின் ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து வானியலாளர்கள் ஹபிளும் ஹியூமசனும் அளந்து வைத்திருந்தார்கள். எல்லாம் சேர்ந்து நம்மைவிட்டு நொடிக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் அளவில் விலகிப் போகின்றன. அந்தச் சராசரியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது கொத்துக்குள்ளேயே அவை அலைபாயும் வேகம். அது நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் இருந்தது.

சுவிக்கி கணக்குப் போட்டார். 800 கேலக்ஸிகள், ஒவ்வொன்றிலும் 100 கோடி சூரியன்களின் எடை, கொத்தின் ஆரம் பத்து லட்சம் ஒளியாண்டு. இவ்வளவு எடை இழுத்துப் பிடித்தால் கேலக்ஸிகள் நொடிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில்தான் அலைய வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் அலைந்தால் கொத்து எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரிவதைப்போல 400 மடங்கு பொருள் அங்கே இருக்க வேண்டும் என்று எழுதினார். கரும்பொருள் என்ற பெயரோடு கொத்துகளை இணைத்த முதல் கணக்கு இது.

இனி, இதற்குள் ஒளிந்திருக்கும் தூரத்தைப் பாருங்கள். வேகத்தை அளக்கத் தூரம் வேண்டாம், நிறமாலை போதும். ஆனால் எடைக்கு வேகத்தின் வர்க்கத்தைக் கொத்தின் ஆரத்தால் பெருக்க வேண்டும். தொலைநோக்கியில் தெரிவது ஆரம் இல்லை, கோணம். கோணத்தைத் தூரத்தால் பெருக்கினால்தான் ஆரம் வரும். ஆக, மொத்த எடை தூரத்தைப் பொறுத்து ஏறும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் எடையும் இரண்டு மடங்கு. விண்மீன்களின் எடையோ வேறு மாதிரி. அதை ஒளியிலிருந்து கணிக்கிறோம். ஒளியின் உண்மையான அளவு தூரத்தின் வர்க்கமாக ஏறும். தூரம் இரண்டு மடங்கானால் விண்மீன்கள் நான்கு மடங்கு. அப்படியென்றால் சுவிக்கியின் 400 என்ற விகிதம் தூரத்தால் வகுபடுகிறது.

அன்றைக்கு அவர் கையில் இருந்த தூரம் மிகத் தப்பு. அவருடைய தப்பு இல்லை, அந்தக் காலத்தின் தப்பு. ஹபிள் 1929-இல் தொடங்கிவைத்த அளவுகோலின்படி கோமா ஏறத்தாழ 4.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருந்தது. இன்றைக்கு நாம் சொல்வது 32 கோடி. தூரம் அளக்கப் பயன்பட்ட செஃபீடு என்ற துடிக்கும் விண்மீன்களில் இரண்டு வகை உண்டு என்பது அப்போது தெரியாது; 1952-இல் வால்டர் பாடெ அதைச் சொன்னதும் பிரபஞ்சத்தின் எல்லாத் தூரங்களும் ஒரே நாளில் இரட்டித்தன. தொலைதூர கேலக்ஸிகளில் மிகப் பிரகாசமான விண்மீன் என்று நினைத்தவை பல, ஒளிரும் வாயு மேகங்கள் என்று பிறகு வானியலாளர் சாண்டேஜ் கண்டுபிடித்தார். இப்படித் திருத்தித் திருத்தித் தூரம் ஏழு மடங்குக்கு மேல் நீண்டது. நீண்டதும் சுவிக்கியின் 400 சுருங்கி 55 அளவுக்கு வந்துவிட்டது.

இருந்தும் அவர் முடிவு நின்றது. ஏனென்றால் 55-ம் ஒன்றல்ல. இதைச் சொல்லும்போது சிலர் சுவிக்கியைத் தீர்க்கதரிசி ஆக்கிவிடுகிறார்கள். என் கருத்து வேறு. அவர் கண்டது மிகப் பெரிய முரண். அதனால் ஏழு மடங்குப் பிழையைக்கூட அது தாங்கியது. முரண் ஐந்து மடங்காக மட்டும் இருந்திருந்தால் வரலாறு அவரை மறந்திருக்கும்.

மீதியில் ஒரு பங்கை வாயு விழுங்கியது. அதைச் சுவிக்கி பார்த்திருக்க வழியே இல்லை. எக்ஸ் கதிர்களை நம் காற்று மண்டலம் விழுங்கிவிடுகிறது. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் காற்றுக்கு மேலே போக வேண்டும். 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடற்கரைக்கு அப்பால் கடலில் நிற்கும் ஒரு மேடையிலிருந்து உகுரு என்ற சிறிய செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அன்று கென்யாவின் சுதந்திர தினம். பெயரும் அதை ஒட்டித்தான். ரிக்கார்டோ ஜக்கோனியின் குழு கட்டியது. 2002-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோமா, விர்கோ, பெர்சியஸ் கொத்துகளிலிருந்து எக்ஸ் கதிர் வருவதை உகுரு காட்டியது. அதுவும் தனித்தனி கேலக்ஸிகளிலிருந்து புள்ளி புள்ளியாக வரவில்லை. கேலக்ஸிகளுக்கு இடையே காலி என்று நாம் நினைத்த வெளி முழுவதும் பரவி ஒளிர்ந்தது.

அங்கே இருப்பது வாயு. கோமாவில் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 9 கோடி டிகிரி. சூரியனின் நடுமையமே ஒன்றரைக் கோடிதான். அவ்வளவு சூட்டில் அணு அணுவாக இருக்காது, எலெக்ட்ரான் தனியாகவும் கரு தனியாகவும் ஓடும். அடர்த்தியோ நம்ப முடியாத அளவுக்குக் குறைவு: கொத்தின் நடுவிலேயே ஒரு கன மீட்டரில் சில ஆயிரம் எலெக்ட்ரான்கள். இந்த அரங்கின் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள மூலக்கூறுகளை எண்ண, ஒன்றுக்குப் பின்னால் 19 சுழியம் போட்டாலும் போதாது. ஆனால் கொத்து லட்சக்கணக்கான ஒளியாண்டுகள் பரந்தது. அந்த இடத்தையெல்லாம் நிரப்பினால் மெல்லிய வாயுவும் மலையாகிவிடும். பெரிய கொத்துகளில் எல்லா விண்மீன்களையும் சேர்த்தாலும் வாயு அவற்றைப்போலப் பல மடங்கு எடை. அதாவது கேலக்ஸிக் கொத்து என்று நாம் பெயர் வைத்திருப்பதில் கேலக்ஸிகள்தான் மிகக் குறைந்த பங்கு.

வெப்பநிலையை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? எக்ஸ் கதிரின் நிறமாலை எந்த ஆற்றலுக்கு மேல் சட்டென்று சரிகிறது என்று பார்த்தால் போதும். அடர்த்தி? ஓர் எலெக்ட்ரான் ஒரு கருவின் பக்கமாகப் போகும்போது வளைந்து, அந்த வளைவில் எக்ஸ் கதிரை உமிழ்கிறது. இருவர் சந்தித்தால்தான் ஒளி. ஆகவே அடர்த்தி இரண்டு மடங்கானால் ஒளி நான்கு மடங்கு. பிரகாசத்திலிருந்து பின்னோக்கிப் போய் அடர்த்தியைப் பிடித்துவிடலாம். 1976-இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் பெர்சியஸ் கொத்தின் வாயுவில் இரும்பின் கோட்டையும் கண்டது. இரும்பு விண்மீனுக்குள் சமைந்து, சூப்பர்நோவாவாக வெடித்து வெளியே வர வேண்டிய பொருள். சூரியனில் இருக்கும் விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு இந்த வாயுவில் இருக்கிறது. ஆக, இதில் ஒரு பங்காவது முன்னொரு காலத்தில் விண்மீன்களுக்குள் இருந்து வந்தது.

இந்த வாயுவே எடை பார்க்கவும் இரண்டாவது வழியைத் தந்தது. 9 கோடி டிகிரி வாயு வெளியே தெறித்து ஓடப் பார்க்கும். ஓடாமல் நிற்கிறது என்றால் அதை உள்ளே இழுக்கும் ஈர்ப்பு அந்த அழுத்தத்துக்குச் சமம். அழுத்தம் எவ்வளவு என்று வெப்பநிலையும் அடர்த்தியும் சொல்லிவிடும். கேலக்ஸிகளின் ஓட்டத்தை வைத்துப் போட்ட எடையும் வாயுவின் அழுத்தத்தை வைத்துப் போட்ட எடையும் ஏறக்குறைய ஒத்துப்போயின. கொத்தின் எடையில் விண்மீன்கள் சில சதவீதம், வாயு 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைய, மீதி எண்பது சதவீதத்துக்கு மேல் இன்னும் யாருக்கும் பிடிபடாத கரும்பொருள்.

இந்த அளவீடுகளைக் கூர்மையாக்கியது 1999 ஜூலையில் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம். லாகூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு. வெள்ளைக் குள்ள விண்மீன்களுக்கான அவருடைய எல்லைதான் எல்லோருக்கும் தெரியும். 1943-இல் அவர் எழுதிய இன்னொன்று கொத்துகளுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. சிறு பொருள்களின் கூட்டத்துக்கு நடுவே ஒரு கனத்த பொருள் ஓடினால், அதன் ஈர்ப்பால் பின்னால் ஒரு வால் திரண்டு, அந்த வாலே அதைப் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைக்கும் என்று காட்டினார். கொத்துக்குள் பெரிய கேலக்ஸிகள் மெல்ல மெல்ல நடுவில் போய் அமர்வதற்கு இது ஒரு காரணம். கோமாவின் நடுவில் அப்படி இரண்டு பூதங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

இனி, முன்பு சொன்ன தொல்லைக்கு வருவோம். எக்ஸ் கதிர் பிரகாசத்திலிருந்து வாயுவின் எடையைக் கணக்கிட்டால் அது தூரத்தின் இரண்டரை அடுக்காக ஏறும். மொத்த எடையோ தூரத்தோடு ஒரே ஒரு அடுக்கு. இரண்டையும் வகுத்து வாயுவின் பங்கு என்ன என்று பார்த்தால், அந்தப் பங்கு தூரத்தின் ஒன்றரை அடுக்காக மாறும். தூரத்தைத் தப்பாகப் போட்டால் வாயுவின் பங்கும் தப்பாக வரும்.

சரி, இதைத் திருப்பிப் போட்டால்? வாயுவின் பங்கு என்னவாக இருக்க வேண்டும் என்று வேறு வழியில் தெரிந்தால் தூரம் தானாக வந்துவிடும். பெரிய கொத்து ஒன்று உருவாகப் பிரபஞ்சத்தில் ஒரு பெரும்பரப்பில் இருந்த பொருளெல்லாம் உள்ளே விழ வேண்டும். அவ்வளவு பெரிய வாளியில் மொண்டால் சாதாரணப் பொருளும் கரும்பொருளும் பிரபஞ்சத்தில் உள்ள அதே விகிதத்தில்தான் வரும். 1993-இல் சைமன் வைட், நவாரோ, எவ்ரார்ட், பிரெங்க் ஆகிய நால்வரும் கோமாவை வைத்து இந்த வாதத்தை வைத்தார்கள். பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் உண்டான டியூட்டீரியம், ஹீலியம் அளவுகளிலிருந்து பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருள் எவ்வளவு என்று தெரியும். கோமாவில் அதன் பங்கு என்ன என்றும் தெரியும். வகுத்தால் பிரபஞ்சத்தின் மொத்தப் பொருள் கிடைத்துவிடும். கிடைத்த விடை, அன்றைய கோட்பாட்டாளர்கள் ஆசைப்பட்டதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அவர்கள் முகம் சுளித்தார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1998-இல், சூப்பர்நோவாக்கள் மூலம் பிரபஞ்ச விரிவு வேகமெடுக்கிறது என்று தெரிந்தபோது அந்த மூன்றில் ஒரு பங்கு கச்சிதமாகப் பொருந்தியது.

2008-இல் ஸ்டீவ் ஆலனும் உடன் இருந்தவர்களும் சந்திரா பார்த்த 42 கொத்துகளை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கொத்திலும் தொலைவுக் கொத்திலும் வாயுவின் பங்கு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எந்தத் தூரங்களைப் போட்டால் அது ஒன்றாக வருகிறது என்று தேடினார்கள். விரிவு வேகமெடுக்கும் பிரபஞ்சத்தின் தூரங்களைப் போட்டபோதுதான் வந்தது. சூப்பர்நோவா எதையும் தொடாமல், வெறும் சூடான வாயுவை வைத்து அதே முடிவு! இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இதுதான்.

தூரத்தைப் பிடிக்க வாயு இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. பெருவெடிப்பின் மிச்ச வெளிச்சம் நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. அது கொத்தின் வழியே வரும்போது சூடான எலெக்ட்ரான்கள் அதில் ஒரு சிறு பங்கை உதைத்து ஆற்றலை ஏற்றிவிடுகின்றன. அதனால் குறைந்த அதிர்வெண்ணில் பார்த்தால் கொத்து இருக்கும் இடத்தில் நுண்ணலை வானம் சற்றே இருண்டும், 217 கிகாஹெர்ட்சுக்கு மேலே பார்த்தால் சற்றே பிரகாசமாகவும் தெரியும். சோவியத் நாட்டில் ரஷீத் சுன்யாயெவும் யாகோவ் செல்டோவிச்சும் 1970-களின் தொடக்கத்தில் இதைக் கணித்தார்கள். இந்த இருட்டு, எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையை நேராக எண்ணும். எக்ஸ் கதிரோ எண்ணிக்கையின் வர்க்கத்தை எண்ணும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வாயு நம் பார்வைக் கோட்டில் எவ்வளவு ஆழம் என்று கிடைக்கும். ஆழமும் அகலமும் சமம் என்று கொண்டால், கோணத்தில் அளந்த அகலம் ஒளியாண்டில் மாறிவிடும். இரண்டையும் ஒப்பிட்டால் தூரம். செஃபீடும் வேண்டாம், பக்கத்துத் தூரத்தை வைத்து அடுத்த தூரத்தை அளந்து ஏறும் ஏணியும் வேண்டாம். 2006-இல் 38 கொத்துகளை வைத்து இப்படிக் கணக்கிட்டபோது, பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலி 77 அளவில் வந்தது. பிழையோ பத்துவரை இருந்தது. கொத்து உருண்டை என்று நாம் வைத்துக்கொள்வதும் வெப்பநிலை அளவும்தான் அந்தப் பிழைக்குப் பெரிய காரணங்கள்.

கொத்து உருண்டை, வாயு அமைதியாக நிற்கிறது என்ற இந்த ஊகங்கள் எதுவுமே இல்லாமல் எடை பார்க்க ஒரு வழி உண்டு. ஒளி வளைவதைப் பார்ப்பது. கொத்துக்குப் பின்னால் இருக்கும் கேலக்ஸியின் ஒளி, கொத்தின் ஈர்ப்பில் வளைந்து, நீண்டு, வில்லாகத் தெரியும். இதையும் 1937-இல் சொன்னவர் சுவிக்கிதான். 1980-களின் நடுவில் ஏபெல் 370 என்ற கொத்தில் அப்படி ஒரு பெரிய வில்லைக் கண்டார்கள். 1988-இல் நிறமாலை எடுத்தபோது அது கொத்தைவிட வெகு தூரத்தில் இருக்கும் கேலக்ஸி என்பது உறுதியானது. வளைக்கும் பொருள் சூடா, குளிரா, ஓடுகிறதா, நிற்கிறதா என்று ஒளி கேட்பதில்லை. எடை இருந்தால் போதும்.

கரீனா விண்மீன் குழுவின் புல்லட் கொத்தில் இரண்டு கொத்துகள் ஒன்றோடொன்று மோதி ஊடுருவிப் போயிருக்கின்றன. வாயு வாயுவோடு மோதி நடுவில் சிக்கிக்கொண்டது. கேலக்ஸிகள் மோதாமல் கடந்துபோய்விட்டன. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு வாயு என்பதால், கரும்பொருள் இல்லை என்றால் ஒளியை அதிகம் வளைப்பது நடுப்பகுதியாக இருக்க வேண்டும். 2006-இல் டக்ளஸ் குளோவும் சகாக்களும் பார்த்தபோது ஒளி அதிகம் வளைந்தது நடுவில் இல்லை. இரண்டு பக்கமும் விலகிப் போன கேலக்ஸிகள் இருந்த இடத்தில். எடை ஓரிடம், வாயு ஓரிடம் என்று பிரிந்து கிடந்தது.

எல்லாம் இப்படி ஒத்துப்போனால் நான் இங்கே வந்து பேசத் தேவையில்லை. பிளாங்க் செயற்கைக்கோள் பின்னணி நுண்ணலையை அளந்து, இவ்வளவு கனமான கொத்துகள் இத்தனை இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குத் தந்தது. அதே பிளாங்க் எண்ணிய கொத்துகள் அதைவிடக் குறைவு. வாயுவின் அழுத்தத்தை வைத்துப் போட்ட எடை உண்மையைவிட 40 சதவீதம் குறைவு என்று கொண்டால்தான் இரண்டும் ஒத்துப்போகும். வாயு கொந்தளித்துக்கொண்டிருந்தால், அந்தக் கொந்தளிப்பும் ஈர்ப்பைத் தாங்கும். வெப்ப அழுத்தத்தை மட்டும் பார்ப்பவர் எடையைக் குறைத்துத்தான் சொல்வார். கொந்தளிப்பை அளக்க ஜப்பான் 2016 பிப்ரவரியில் ஹிட்டோமி என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. மார்ச் மாதமே அது கட்டுப்பாடு இழந்து உடைந்துபோனது. ஆனால் அதற்குள் பெர்சியஸ் கொத்தைப் பார்த்துவிட்டது: நடுவில் வாயுவின் அலைச்சல் நொடிக்கு 164 கிலோமீட்டர்தான். எதிர்பார்த்ததைவிட அமைதி. அந்த இடத்தில் 40 சதவீதப் பிழைக்கு வழியே இல்லை. பிறகு 2024-இல் இரோசிட்டா தொலைநோக்கி 5,259 கொத்துகளை எண்ணி, எடைக்கு ஒளி வளைவை நம்பியது. விடை பிளாங்க் எதிர்பார்ப்போடு ஒத்துப்போனது. பழைய எண்ணிக்கையில் எங்கே இடறியது என்று சொல்ல இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

தூரத்தில் உள்ள தகராறு இதைவிடப் பெரியது. பிரபஞ்சம் விரியும் வேகத்தைப் பிளாங்க் 67.4 என்கிறது, செஃபீடு, சூப்பர்நோவா ஏணி 73 என்கிறது. அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு நொடிக்கு அத்தனை கிலோமீட்டர். 2025-இல் ஒரு குழு கோமாவில் வெடித்த 12 சூப்பர்நோவாக்களை எடுத்து அதன் தூரத்தை 32 கோடி ஒளியாண்டு என்று நிறுவியது. பிளாங்க் கணக்கு சரி என்றால் கோமா 36 கோடிக்கு அப்பால் இருக்க வேண்டும். நான்கு கோடி ஒளியாண்டு என்பது ஒளித்து வைக்க முடியாத வித்தியாசம். எனக்கு ஏணியின் மேல் நம்பிக்கை கூடியிருக்கிறது. ஆனால் ஏணியும் தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது.

வேறு சாட்சி உண்டா? நார்வேக்காரர் சியூர் ரெஃப்ஸ்டால் 1964-இல் ஒன்று சொன்னார். இப்படி ஒளியை வளைக்கும் ஈர்ப்பு வில்லைக்குப் பின்னால் ஒரு சூப்பர்நோவா வெடித்தால் அதன் பிம்பங்கள் வெவ்வேறு பாதைகளில் வெவ்வேறு நாள் வந்து சேரும். அந்தத் தாமதம் நேரடியாகத் தூரத்தைச் சொல்லும். 2014 நவம்பரில் ஹபிள் தொலைநோக்கி ஒரு கொத்துக்குப் பின்னால் அப்படி நான்கு பிம்பங்களைக் கண்டது. சூப்பர்நோவாவுக்கு ரெஃப்ஸ்டாலின் பெயரையே வைத்தார்கள். ஐந்தாவது பிம்பம் எப்போது, எந்த இடத்தில் வரும் என்று கொத்தின் எடையை வரைபடமாக்கிக்கொண்டு பல குழுக்கள் முன்கூட்டியே எழுதி வைத்தன. 2015 டிசம்பரில் அது வந்தது. அந்தத் தாமதத்திலிருந்து 2023-இல் கிடைத்த ஹபிள் மாறிலி 65-க்கும் 67-க்கும் இடையே, நான்கு கூடக் குறைய. பிளாங்க் பக்கம் சாய்கிறது. ஆனால் 73-ஐ விரட்டும் அளவுக்கு வலுவில்லை. காரணம் கொத்தின் எடைதான். அது எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்ற சந்தேகம் அப்படியே தூரத்துக்குள் நுழைந்துவிடுகிறது. எடைக்குத் தூரம் வேண்டும் என்று ஆரம்பித்தவர்கள், தூரத்துக்கு எடை வேண்டும் என்ற இடத்தில் நிற்கிறோம்.

இன்னொரு கொத்துக்குப் பின்னால் வெடித்த ரெக்வியெம் என்ற சூப்பர்நோவாவின் மூன்று பிம்பங்கள் 2016-இல் எடுத்த ஹபிள் படத்தில் பதிவாகியிருந்தன. மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் கவனித்தார்கள். அடுத்த பிம்பம் 2037 வாக்கில் வர வேண்டும், இரண்டு ஆண்டு முன்னே பின்னே இருக்கலாம். இருபது ஆண்டுத் தாமதத்தில் சில நாள் பிழை பெரிதில்லை. ஆகவே அந்த அளவீட்டில் மிஞ்சும் சந்தேகம் ஏறக்குறைய முழுவதும் கொத்தின் எடையைப் பற்றியதாகவே இருக்கும். அதற்குள் அந்தக் கொத்தை வாயுவாலும் வேகத்தாலும் ஒளி வளைவாலும் எடை போட்டு வைத்துவிட வேண்டும் என்று இப்போதே வேலை நடக்கிறது. அதே கேலக்ஸியில் 2023-இல் இன்னொரு சூப்பர்நோவா வெடித்துத் தெரிந்ததும் அவர்களுக்கு உதவிதான்.

நேரம் தாண்டிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.